வீதியும் விதியும்

'பாதை' என்னும் சொல்லைக் கேட்போர், அது நிலத்தில் நடக்கும் வழியென்றே கருதுவர். ஆனால், ஆறும் கழியும் குறுக்கிடும் எம் பகுதியில், மக்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கும் அப்பெயரே வழங்கிற்று. ஈச்சிலம்பற்றிலிருந்து மூதூர், கிண்ணியா வழியே திருகோணமலை செல்வோர் பாதைக்காகத் துறையிற் காத்திருந்த பொழுதுகள் பல. 2009 ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. காத்திருத்தல் ஒழிந்தது, வேகம் வந்தது. வேகம் வந்தவிடத்து விதியும் உடன்வருதல் வேண்டுமன்றோ?

சென்ற மாரிக்கு முன் ஒரு மாலை, என்னிடம் தமிழ் கற்ற இளைஞர் ஒருவர் என் இல்லம் வந்தார். வயல்வரம்பு சிதையாமல் உழவு இயந்திரத்தைத் திருப்பும் கைத்திறன் வாய்ந்தவர். ஆயினும், சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில் இருமுறை தவறியிருந்தார். "ஐயா, எனக்கு வாகனம் ஓடத் தெரியும், அந்தப் பேப்பர்தான் விளங்குதில்லை. இனி லைசன்ஸ் இல்லாமலே ஓடப்போறன்" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. ஆறாண்டுகள் அவருக்கு இலக்கணம் கற்பித்தவன் யான்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் நடத்தும் இப்பரீட்சையில் 40 வினாக்கள் உள. ஒரு மணி நேரத்துள், தரப்பட்ட விடைகளிலிருந்து உரியதைத் தெரிதல் வேண்டும். இதில் தேறிய பின்னரே பயிலுநர் அனுமதிப்பத்திரம் பெற்று வீதியில் ஓட்டிப் பழகலாம். வினாத்தாளைத் தமிழிலும் பெறலாம். 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியதையும், 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழுக்கும் அந்நிலையை அளித்ததையும் நினைவோர்க்குத் தமிழில் அச்சிட்ட வினாத்தாள் சிறுபொருளன்று. பெற்ற உரிமையைப் படித்தறியாது கைவிடுதல் தகுமோ?

இளைஞர் கையில் பிரதியெடுத்த சில தாள்கள் இருந்தன. முதல் வினாவுக்கு மூன்று, இரண்டாம் வினாவுக்கு ஒன்று என விடையெண்களையே நெட்டுருப் பண்ணியிருந்தார். வினாக்களின் வரிசை மாறவே அந்நெட்டுரு பயனற்றுப்போயிற்று. ஒரு வினாவைப் படிக்குமாறு பணித்தேன். 'முந்திச் செல்லலாகாத இடம் எது?' என்றிருந்ததை, 'செல்லலாகும் இடம்' எனப் படித்தார். வகுப்பில் எதிர்மறை இடைநிலையை வரையறுத்துச் சொன்ன அதே மாணவர், அஃது உயிரைக் காக்கும் இடத்தில் அதனைக் கண்டிலர். குறை அவருடையதோ, இலக்கணத்தை ஏட்டோடு நிறுத்திய என்னுடையதோ என்று எண்ணலானேன்.

அன்றுமுதல் மாலைதோறும் படித்தோம். வீதிக் குறியீடுகளிலிருந்து தொடங்கினேன். "தம்பி, நம் நூல்களில் விதி, விலக்கு என இரண்டு உண்டே, வீதியிலும் அவை உண்டு. நீல வட்டம் விதி; 'இவ்வாறு செய்' என்பது. சிவப்பு வளையம் விலக்கு, 'செய்யற்க' என்பது. மஞ்சள் நிறச் சாய்சதுரம் எச்சரிக்கை, வருவதை முன்னரே உரைப்பது" என்றேன். தனித்தனியே மனனஞ் செய்த படங்கள் மூன்று வகையுள் அடங்கின. அவர் முகம் தெளிந்தது.

பின்னர்க் காரணங்களுக்கு வந்தோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். இடரைக் கண்டு காலைத் தடுப்பில் வைக்குமுன்னரே அத்தூரம் கழிந்துவிடுதல் கூடும். வேகம் இருமடங்கானால், தடுப்பை அழுத்திய பின் வண்டி நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். இரவில் தார்வீதியிற் படுத்துறங்கும் மாட்டையும், அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயவிட்ட நெல்லையும், அதனருகே குந்தியிருக்கும் மூதாட்டியையும் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். எண்கள் அவருக்கு வெறும் எண்களாக நிற்கவில்லை.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில், ஐயத்தை வினவுதலையும் பிறர் வினாவுக்கு விடைகூறுதலையும் மாணாக்கர் கற்கும் முறையுள் அடக்கினார். எனவே, அவ்விளைஞரைத் தம் நண்பர் இருவர்க்குக் கற்பிக்குமாறு ஏவினேன். பிறர்க்கு உரைக்கப் புகுந்தபோதே தாம் அறியாதவை எவையென அவர் அறிந்தார்.

மூன்றாம் முறை தேறினார். செய்தி சொல்ல வந்தவர், திண்ணையில் அமர்ந்ததும் ஒன்று கேட்டார்: "ஐயா, சுற்றுவட்டத்தில வலப்பக்கத்தால வாற வாகனத்துக்கு ஏன் வழிவிட வேணும்?" இடப்புறமாய் ஓடும் நம் நாட்டில், வட்டத்துள் இருப்பவரே நமக்கு வலப்புறமாக வருவர். அவரை வெளியேற விடாது யாவரும் உட்புகுந்தால் வட்டம் அடைபட்டு ஒருவரும் அசைதல் இயலாது. இதை விளக்கினேன். பரீட்சை முடிந்த பின், புள்ளி கருதாது எழுந்த வினாவாதலின், அவர் தேறிய செய்தியினும் அது எனக்கு இனித்தது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்யுட்குப் பதவுரை கூறப் பழக்கும் நாம், விண்ணப்பத்தையும் அறிவித்தலையும் வினாத்தாளையும் பொருளுணர்ந்து படிக்கவும் கிழமைக்கு ஒரு பாடவேளை ஒதுக்குவோமாக. அதனால் தமிழுக்கு இழுக்கில்லை. 'ஆகும்' என்பதற்கும் 'ஆகாது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை வீதியிற் சென்று கற்கும் நிலை நம் மாணவர்க்கு வேண்டாம்.