கோவாப் பயிரில் நோய் தேர்தல்

கோவா குளிர்நாட்டுப் பயிராயினும், வடகீழ்ப் பருவமழையால் தண்மை பரவும் மாதங்களில் திருகோணமலை வீட்டுத் தோட்டங்களிலும் வளரத்தக்கது. அம்மழையே அதற்குத் துணையும் பகையுமாம்.

மழைத்துளி தெறிக்குங்கால் கருமையழுகல் என்னும் பற்றீரியா நோய் செடிவிட்டுச் செடி தாவுகின்றது. இலையோரத்தினின்று உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சள் படர்ந்து, நரம்புகள் கறுப்பின் அந்நோயெனத் துணியலாம். மழை ஓய்ந்தபின் பெருகுவது வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் சிறு பச்சைப்புழு இலையின் அடிப்புறத்தை அரித்து, மேற்றோலை மட்டும் கண்ணாடிபோல் விட்டுவைக்கும்.

இவ்விரண்டையும் வேறுபிரித்தறியாது பூச்சிநஞ்சு தெளித்தல் பெரும்பிழை. பற்றீரியாவை அது கொல்லாது. புழுவோ நாளடைவில் நஞ்சைத் தாங்கப் பழகிவிடும். யாவாத் தீவில் இப்புழு டி.டி.ரி.க்கு அடங்காமற் போனமை 1953ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று.

அழுகலைத் தடுத்தல் விதையிலேயே தொடங்கல் வேண்டும். 50 பாகை செல்சியசு வெந்நீரில் விதையை 25 நிமிடம் வைத்து உலர்த்துதல் நன்று. வெப்பம் மிகின் முளை கெடும். நோயுற்ற செடிகளைப் பிடுங்கி எரித்து, அவ்விடத்தில் மூன்றாண்டுகள் கோவா, முள்ளங்கி, கடுகு ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். புழுக்களைக் கையாற் பொறுக்கலாம். மிகுந்தவிடத்து வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம்.

தெளிக்கப்படும் இலையே உண்ணப்படும் இலையுமாதலின், கருவியை எடுக்குமுன் இலையைத் திருப்பிப் பார்த்தலே தோட்டக்காரர்க்கு முதற்கடமையாகும்.