பத்து நிமிஷம் போதுமா?

சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவரின் எலும்புகள் சத்திழந்து, ஆஜானுபாகுவான அம்மனிதர் பல அங்குலம் குறுகிப் போனார். பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பி ஒன்று பெருத்ததே காரணம். அதைத் தேடி ஆறு முறை அவரை அறுத்தார்கள், அகப்படவில்லை. 1932-ல், ஏழாவது முறை, அது மார்புக்குள் ஒளிந்திருக்கக் கண்டார்கள். அதற்குள் சிறுநீரகங்கள் கெட்டிருந்தன. சில வாரங்களில் அவர் காலமானார்.

பருப்பளவுள்ள இச்சுரப்பிகள் நமக்குப் பெரும்பாலும் நான்கு உண்டு. கழுத்தில் தைராய்டின் பின்புறம் இருக்கின்றன. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவு குறையாமல் காப்பது இவற்றின் உத்தியோகம். மார்ட்டெலுக்குச் சுரப்பி சிறுநீரகத்தைக் கெடுத்தது. சிறுநீரகம் முதலில் கெட்டாலோ சுரப்பிகள் கெடுகின்றன. பாஸ்பரஸ் தேங்குகிறது, வைட்டமின் டி பயன்படும் உருவை அடைவதில்லை, சுண்ணாம்புச் சத்து குறைகிறது. ஓயாமல் உழைத்து நான்கும் பெருக்கின்றன. எலும்பு நோகிறது, தோல் அரிக்கிறது, இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிகிறது. மருந்துக்கு அடங்காவிட்டால் ரண சிகிச்சைதான்.

எவ்வளவு எடுத்தால் போதும்? கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. 1963-ல் பெர்சன், யாலோ முதலியோர் இச்சுரப்பிகளின் ஹார்மோனை இரத்தத்தில் அளக்கும் முறையை வெளியிட்டார்கள். விடை வரச் சில நாட்கள் பிடிக்கும். கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா? பின்னர் சோதனை நிமிஷக் கணக்கில் முடிந்தது. 1990-களில் மயாமி நகரத்து ஜார்ஜ் இர்வின் அதைச் சிகிச்சை நடக்கும்போதே கையாண்டார். இந்த ஹார்மோன் சில நிமிஷங்களிலேயே பாதியாகும் இயல்புடையது. ஆகவே, குற்றவாளிச் சுரப்பியை எடுத்துப் பத்து நிமிஷத்தில் அளவு பாதிக்கு மேல் இறங்கினால் கழுத்தை மூடலாம் என்பது அவர் விதி.

ஆனால், அவ்விதி ஒரே சுரப்பி கெட்டவர்களுக்காக எழுந்தது. சிறுநீரகம் கெட்டவர்களிடம் ஹார்மோனின் துணுக்குகள் வெளியேறாமல் தங்குகின்றன. சோதனைகள் பல அவற்றையும் முழு ஹார்மோனாகவே எண்ணிவிடுகின்றன. அளவு மெதுவாக இறங்குவதால் 15, 20 நிமிஷம் காத்திருக்கும் நிபுணர்கள் உண்டு. பள்ளிக் கணக்கில் பாதி என்றால் பாதிதான். இங்கோ 1,000 என்பது 500 ஆனாலும் திருப்தியில்லை. சுகமாயிருப்பவரிடம் அது சுமார் 65-ஐத் தாண்டாது. அளவு இறங்க மறுத்தால், ஐந்தாவது சுரப்பி எங்கேனும் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

முழுதும் எடுத்து நிம்மதி அடையலாமென்றால் அதுவும் ஆபத்து. நெடுநாள் பட்டினி கிடந்த எலும்புகள் இரத்தத்துச் சுண்ணாம்பையெல்லாம் உறிஞ்சிக்கொள்ள, கைகால் மரத்து இழுக்கும். நாட்கணக்கில் கால்சியம் ஏற்ற நேரும். அதனால் ஒரு சுரப்பியில் பாதியை விட்டுவைப்பார்கள். அல்லது நான்கையும் எடுத்துச் சில துண்டுகளை முன்கைத் தசையில் பதிப்பார்கள். நோய் திரும்பினால் இரு கைகளிலும் இரத்தம் எடுத்து ஒப்பிடுவது வழக்கம். பதித்த கையில் ஹார்மோன் மிகுந்திருந்தால், கழுத்தைத் தொடாமல் கையிலேயே காரியம் முடிந்துவிடும்.