இமை அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரு கண்களும் எப்போது சமமாகும்?

மேல் இமையைத் தூக்கிப் பிடிப்பது 'லிவேட்டர்' என்னும் தசை. வயதாகும்போது அதன் தசைநாண் தளர்ந்துபோனால் இமை கீழே இறங்கிப் பார்வையை மறைக்கும். அந்தத் தசைநாணை இறுக்கி மீண்டும் இமையோடு தைப்பதே வழக்கமான சிகிச்சை. அது முடிந்த மறுநாளே, "ஒரு கண் பெரிசா, ஒரு கண் சின்னதா இருக்கே" என்று பலர் கலங்கிப்போகிறார்கள். முடிவுக்கு வர அது நேரமல்ல.

வீக்கம் வடியட்டும்

வீக்கமும் ரத்தக்கட்டும் இமையைக் கனக்கச் செய்யும். இவை பெரும்பாலும் 2 வாரங்களில் குறையும். இமை தன் உயரத்தில் நிலைகொள்ள 6 வாரங்கள் முதல் 3 மாதங்கள் வரை ஆகலாம். அதன் பிறகும் 1 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம்; பிறவியிலேயே பலருக்கு அவ்வளவு வித்தியாசம் உண்டு.

மற்ற இமை இறங்குவது ஏன்?

இரண்டு இமைகளுக்கும் மூளை ஒரே அளவு தூண்டுதலையே அனுப்புகிறது. இது 'ஹெரிங் விதி'. தொங்கிய இமையைத் தூக்க மூளை கூடுதலாக முயலும்போது மற்ற இமையும் சேர்ந்து உயர்ந்திருக்கும். சிகிச்சைக்குப் பின் அந்த முயற்சி குறைவதால், அதுவரை நன்றாகத் தெரிந்த இமை சற்று இறங்கிவிடலாம். தொங்கும் இமையை விரலால் தூக்கிப் பார்த்து மருத்துவர் இதை முன்கூட்டியே கணிக்க முடியும். சிகிச்சைக்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• முதல் 2 நாள்கள், சுத்தமான துணியில் சுற்றிய ஐஸால் அழுத்தாமல் ஒத்தடம் கொடுங்கள்.
• தலையை உயர்த்தி வைத்துப் படுங்கள்.
• கண்ணைக் கசக்காதீர்கள்; மை தீட்டாதீர்கள்.
• தூக்கத்தில் இமை முழுதாக மூடாவிட்டால் கருவிழி வறண்டு புண்ணாகலாம். மருத்துவர் தந்த சொட்டு மருந்தையும் இரவுக் களிம்பையும் தவறாமல் போடுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

கடும் வலி, திடீர்ப் பார்வைக் குறைவு, கண் பிதுங்குதல், நிற்காத ரத்தக்கசிவு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால் சில மணி நேரத்தில் பார்வையே பறிபோகலாம். சீழ், காய்ச்சல், அதிகரிக்கும் சிவப்பு இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

திருத்தம் தேவைப்பட்டால்

வாரம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், நேராகப் பார்த்தபடி படம் எடுத்து வையுங்கள். வீக்கம் முழுதும் வடிந்த பிறகும் ஏற்றத்தாழ்வு நீடித்தால், மறுதிருத்தம் தேவையா என்று மருத்துவர் முடிவுசெய்ய அந்தப் படங்கள் உதவும்.