திருச்சியிலிருந்து சிங்கப்பூரும் துபாயும்: டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படிப்பது எப்படி?

"1.30க்குக் கிளம்பி 8 மணிக்குப் போய்ச் சேருதுன்னு போட்டிருக்கே, ஆறரை மணி நேரமா பறக்கும்?" வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களில், வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் எழும் கேள்வி இது. பதில்: இல்லை, பறப்பது 4 மணி நேரம்தான்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் கிழக்கே சுமார் 2,980 கி.மீ. துபாய் வடமேற்கே சுமார் 2,940 கி.மீ. கிட்டத்தட்ட ஒரே தூரம்! விமானம் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் போனால் மூன்றரை மணி நேரத்தில் கடந்துவிடும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது எல்லாம் சேர்த்து 4 மணி நேரம், சில நாள் காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய.

குழப்பம் கடிகாரத்தில்தான். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். அதனால் அதே 1.30 மணிக்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் 8 மணி, துபாயில் 4 மணி. திரும்பி வரும்போது தலைகீழ்: சிங்கப்பூரில் இரவு 10 மணிக்கு ஏறியவர் திருச்சியில் 11.30க்கே இறங்கிவிடுவார். ஒன்றரை மணி நேரத்தில் வந்துட்டாரேன்னு நினைக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் தேதி. '12ஆம் தேதி 00.40' என்று இருந்தால் அது 11ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 40 நிமிடம். 12ஆம் தேதி ராத்திரி போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும், டிக்கெட் பணமும் பெரும்பாலும் போச்சு. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே இருக்க வேண்டும் என்பதால், 11ஆம் தேதி மாலை 7 மணிக்கெல்லாம் வல்லத்திராக்கோட்டையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். ஒரு வசதி, விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது; திருச்சி ஊருக்குள் போகத் தேவையில்லை.

வீட்டில் ஒரு துக்கம் என்றால் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். "நாலு மணி நேரம்தானே, வந்துடுவான்" என்று எடுக்கும் நேரத்தைக் குறித்துவிடுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் கிடைத்தாலும், அங்கே 3 மணி நேரம் முன்பே போக வேண்டும், பறப்பது 4, இறங்கிப் பாஸ்போர்ட் சோதனை முடித்துப் பெட்டி எடுக்க 1, ஊர் வர ஏறக்குறைய 2. மொத்தம் 10 மணி நேரம். இது அவர் அங்கே விமான நிலையத்துக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து எண்ண வேண்டியது. சென்னையிலோ கொழும்பிலோ மாறி வருகிறார் என்றால் நடுவில் எத்தனை மணி நேரம் காத்திருக்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.