வேர் தேடும் வழி – 9: மொய் நோட்டில் இருக்கும் பாட்டன்

தங்கள் வம்சாவளியைக் கல்லில் வெட்டி வைத்த குடும்பம் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உண்டு. விராலிமலைக்குப் பக்கத்தில், கொடும்பாளூர் மூவர் கோயில். இருக்குவேள் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி, தன் பெயரில் ஒன்றும் மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஒவ்வொன்றுமாக மூன்று கோயில்களைக் கட்டினான். இரண்டு நிற்கின்றன, மூன்றாவதில் அடித்தளம்தான் மிச்சம். அங்குள்ள கல்வெட்டு, வடமொழிச் செய்யுளாக, கிரந்த எழுத்தில் அவனுடைய முன்னோரை வரிசையாகச் சொல்கிறது. வாதாபியை வென்றவன் ஒருவன், அவன் மகன் சமராபிராமன், சமராபிராமன் மணந்த சோழ இளவரசி அனுபமா, அவர்கள் பிள்ளை பூதி, பூதிக்கும் கற்றளிக்கும் பிறந்த பராந்தகன், ஆதித்தவர்மன் என்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது.

இவ்வளவு பாடுபட்டும் என்ன ஆயிற்று? கல்வெட்டின் தொடக்கப் பகுதி கிடைக்கவில்லை. வரிசையின் தலையில் இருக்கும் முதல் பாட்டனுக்குப் பெயர் இல்லை. ஆண்டும் குறிக்கவில்லை. அதனால் பூதி ஒன்பதாம் நூற்றாண்டா, பத்தாம் நூற்றாண்டா என்ற வழக்கு வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி காலத்திலிருந்து நடந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் வம்சாவளி எழுத உட்காருகிறவர்கள் இந்தக் கோயிலை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். பெயருக்குப் பக்கத்தில் ஆண்டைப் போடும் பழக்கம் தானாக வந்துவிடும்.

அரசர்களை இத்தோடு விட்டுவிடுவோம். இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வருகிற கேள்விகளில் அதிகம் வருவது, “நாங்கள் ராஜராஜன் வழி என்று சொல்கிறார்கள், ஆதாரம் எங்கே கிடைக்கும்?” என்பதுதான். ராஜராஜனுக்கு இத்தனை பேரப்பிள்ளைகள் இருந்திருந்தால் தஞ்சாவூர் தாங்கியிருக்காது. என் அனுபவத்தில், ராஜாவைத் தேடுகிறவர்களுக்குத் தன் அப்பத்தாவின் அப்பா பெயர் தெரிந்திருப்பதில்லை. அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கும் வீடுகளில்கூடத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று பெயர்தான் வாயில் நிற்கும். அடுத்த தலைமுறை தர்ப்பணம் கொடுக்கத் தொடங்கியதும் பழைய பெயர் ஒன்று வரிசையிலிருந்து விழுந்துவிடும். ஹரித்வாரில் பண்டாக்கள் வடநாட்டுக் குடும்பங்களுக்குத் தலைமுறைக் கணக்குப் புத்தகம் வைத்திருப்பது போன்ற ஏற்பாடு நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கை கொடுக்காது. பிரிட்டனில் 100 ஆண்டு, அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்து வீடுவீடாக எழுதிய படிவங்களைத் திறந்துவிடுகிறார்கள். இங்கே மொத்தத் தொகை மட்டும்தான் வெளியே வரும். ஆள் பெயர் வராது.

அப்படியானால் சாமானியன் பெயர் எங்கே இருக்கிறது? கொடுக்கல் வாங்கல் எங்கே இருந்ததோ அங்கே இருக்கிறது. பெருமைக்காக அவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவன் யாருக்கோ தர வேண்டியிருந்தது, அல்லது அவனுக்கு யாரோ தர வேண்டியிருந்தது. அதனால் எழுதினார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதற்கு முதல் சாட்சி மொய் நோட்டு. ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பும். நாலைந்து பேர் சேர்ந்து பந்தலையும் கறி விருந்தையும் பொதுவில் வைத்துக்கொள்வார்கள். மொய் எழுதும் மேசை மட்டும் ஆளுக்கு ஒன்று. வட்டியில்லாக் கடன் என்று வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் ஆச்சரியப்பட்டு எழுதுவது இதைத்தான். வங்கி எந்திரம் வைத்து நோட்டு எண்ணுவதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். எனக்கு அந்த மேசையில் விரித்து வைத்திருக்கும் நோட்டின் மேல்தான் கண்.

பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். நீளவாக்கில் மடித்துத் தைத்திருக்கும். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, அடுத்து ஊர்ச்சாமி பெயர், அதன் கீழ் ஊர் வாரியாக ஆட்கள். வெறும் ‘கருப்பையா’ என்று எழுதினால் ஊருக்குப் பத்துக் கருப்பையா இருப்பதால் யார் மகன், எந்த வகையறா, எந்தக் கொல்லையில் குடியிருப்பவர் என்று சேர்த்தே எழுதியிருப்பார்கள். சில பெயர்களுக்கு நேரே கோடு இழுத்து, அடுத்து வேறு மையில் இன்னொரு பெயர் இருக்கும். வடகாடு பக்கம் பெரியவர் ஒருவர் அந்த இடத்தில் விரல் வைத்து எனக்குச் சொன்னார்: “இந்தாப் பாருங்க தம்பி, இது எங்க ஐயா பேரு. அவுக போன பெறகு எம் பேரு. நாளைக்கு எம் மகன் பேரு வரும். ஆளுதான் மாறும், மொய் நிக்கும்.”

ஒரு கோடு என்றால் ஒரு சாவு. மொய் நடந்த தேதி நோட்டின் தலையிலேயே இருப்பதால், எந்த விருந்துக்கும் எந்த விருந்துக்கும் நடுவில் அவர் இறந்தார் என்பதும் தெரிந்துவிடுகிறது. அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது நிலத்தோடு மொய்யும் பிரியும். வர வேண்டியது இன்னது உனக்கு, இன்னது எனக்கு என்று நோட்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு குடும்பம் இரண்டாக ஆன வருஷம் அதில் பதிவாகிவிடுகிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல்தான் நாடு முழுவதற்கும் வந்தது. அதற்கு முன்னால் கிராமத்தில் பிறந்த எத்தனையோ பேருக்குச் சர்க்கார் காகிதம் எதுவும் கிடையாது. ஆனால் காதுகுத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்ற காகிதம் பரணில் இருக்கும்.

அடுத்தது பத்திரம். நிலப் பத்திரத்தில் எல்லோரும் பரப்பளவையும் சர்வே எண்ணையும் பார்க்கிறார்கள். வம்சாவளி தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சக்குபந்தியை. இன்னாருடைய புஞ்சைக்குக் கிழக்கு, இன்னாருடைய கொல்லைக்குத் தெற்கு என்று நான்கு எல்லையிலும் நான்கு பெயர் வரும். பிதுரார்ஜித நிலமாக இருந்தால் அந்த நால்வரில் இரண்டு மூன்று பேர் பங்காளிகளாகத்தான் இருப்பார்கள். ஒரே பாட்டன் நிலத்தைப் பிரித்துக்கொண்டவர்கள் அடுத்தடுத்துத்தானே இருப்பார்கள்? எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், சாட்சி போட்டவர், எல்லைக்காரர் என்று ஒரே பத்திரத்தில் ஏழெட்டுப் பேர் தந்தை பெயரோடு கிடைத்துவிடுவார்கள். வில்லங்கச் சான்று கணினியில் பெரும்பாலும் 1975 வரைதான் பின்னால் போகும். அதற்கும் முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும். அலைச்சல்தான். ஆனால் கிடைக்கும்.

பழைய காகிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில ஆண்டைப் போடாமல் தமிழ் வருஷத்தின் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ‘துன்மதி வருஷம் ஆவணி’ என்றால் 1921-ஆகவும் இருக்கலாம், 1981-ஆகவும் இருக்கலாம். வாய்மொழியில் இது இன்னும் சிக்கல். “தாது வருஷத்தில் இந்த ஊருக்கு வந்தோம்” என்று ஒரு குடும்பம் சொன்னால், அது சென்னை மாகாணத்தையே சுருட்டிய பஞ்சம் தொடங்கிய 1876-ஆ, அல்லது அடுத்த தாதுவான 1936-ஆ? பேரனுக்குப் பாட்டன் பெயரையே வைக்கும் ஊரில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். 1876-ல் வந்த சின்னையாவும் 1936-ல் நிலம் வாங்கிய சின்னையாவும் ஒரே ஆள் என்று நினைத்து, நடுவில் ஒரு முழுத் தலைமுறையையே விழுங்கிய வம்சாவளிகளைப் பார்த்திருக்கிறேன். வருஷத்தோடு மனைவி பெயரையும் கேட்டு வாங்கினால் இது பாதி தீரும்.

இனி புதுக்கோட்டை சமஸ்தானத்துக் காகிதம். தொண்டைமான் ஆட்சியில் நிலத்தில் பெரும்பங்கு இனாம். கோயிலுக்கு, படைக்கு, அரண்மனை ஊழியத்துக்கு, ஊர் ஊழியத்துக்கு என்று மானியமாக விட்ட நிலங்கள். திவான் சேஷய்யா சாஸ்திரி காலத்தில், 1888-ல், இனாம்களை எல்லாம் ஒழுங்குபடுத்தினார்கள். யார் அனுபவிக்கிறார், எந்த ஊழியத்துக்காக விட்டது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று விசாரித்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் நிக்கோலஸ் டர்க்ஸ், 1987-ல் வந்த ‘தி ஹாலோ கிரவுன்’ நூலில் புதுக்கோட்டை ராஜ்யத்தின் சமூக அமைப்பையே இந்த இனாம் பதிவுகளை வைத்துத்தான் பெரும்பாலும் கட்டிக் காட்டினார்.

இந்தப் பதிவுகளை நான் உயர்வாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்திரம் நிலம் வைத்திருந்தவனை மட்டும் காட்டும். ஊழிய மானியத்திலோ அய்யனாருக்குக் குதிரை செய்து கொடுத்த வேளார், மேளக்காரர், பறை அடித்தவர், வெட்டியான் எல்லோரும் வருவார்கள். ஒரு காணி மானியத்துக்காக எழுதப்பட்ட பெயர்கள் அவை. எந்தத் தலபுராணமும் அவர்களைப் பாடவில்லை. வருவாய்த் துறை எழுதி வைத்திருக்கிறது. மானியம் எதுவும் இல்லாமல் பண்ணை வேலை மட்டும் செய்தவர்களுக்கு இதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கணக்கு வைப்பதில் நகரத்தாரை மிஞ்ச ஆள் இல்லை. ராயவரம், அரிமளம், கோனாப்பட்டு, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி என்று அவர்களுடைய ஊர்களில் கணிசமானவை இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஒன்பது கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவராக இருந்தாக வேண்டும். கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பதி கோயிலில் ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் இறந்தால் அரைப் புள்ளி. ரங்கூனில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும் புள்ளிக் கணக்கு ஊருக்கு வந்து சேர்ந்துவிடும். அதோடு இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தத்தில் இரண்டு வீட்டாரின் ஊர், கோயில், பெயர் எல்லாம் இருக்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: பிள்ளை கூட்டுதல். சுவிகாரம் போன பையனுக்குப் பெயரே மாறிவிடும். முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசன், சுவிகாரம் போன வீட்டில் நாராயணன். பிறந்த ஊரான சிறுகூடல்பட்டியில் நாராயணனைத் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் மணப் பதிவேடும் இருக்கின்றன. ஆவூர் போன்ற பழைய மிஷன் ஊர்க்காரர்கள் அங்கே தொடங்கலாம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் ஜமாத்தின் நிக்காஹ் தப்தர்.

இத்தனை காகிதத்திலும் யார் இல்லை என்று பார்த்தீர்களா? மொய் நோட்டில் ஆண் பெயர், சக்குபந்தியில் ஆண் பெயர், இனாமில் பெரும்பாலும் ஆண் பெயர். பெண் கல்யாணமாகிப் போனதும் ஊர் மாறி, பெயருக்கு முன்னால் எழுத்து மாறி, காணாமல் போகிறாள். தாய்வழியில் வம்சம் எண்ணிய குடும்பங்களும் இதே புதுக்கோட்டையில் இருந்தன. 1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தந்தை நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர். தந்தை வழி மட்டும் வரைந்தால் முத்துலட்சுமியின் வாழ்க்கையில் பாதி விளங்காது. தேவதாசி முறையை ஒழிக்க அவர் ஏன் அப்படிப் போராடினார் என்பது தாய் பக்கக் கிளையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு வம்சாவளியையும் அப்பத்தா, அம்மாச்சி இருவருடைய பிறந்த வீட்டிலிருந்தும் ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். அங்கேயுள்ள மொய் நோட்டில் தாய்மாமன் சீர் எந்த ஊருக்குப் போயிற்று என்று இருக்கும். அந்த ஊரில்தான் உங்கள் கிழவி இருக்கிறாள்.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். இன்றைய மாவட்டம் 1974 ஜனவரி 14-ல் பிறந்தது. பழைய சமஸ்தானம் என்பது ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்ற மூன்று தாலுகாக்கள். 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்துக்குள் போயிற்று. அறந்தாங்கி பக்கம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே ஆலங்குடிக்காரர் 1940-ம் வருஷத்துக் காகிதத்தைச் சமஸ்தானப் பதிவில் தேட வேண்டும், 1960-க்குத் திருச்சி மாவட்டப் பதிவில். அறந்தாங்கிக்காரருக்கு இரண்டுக்கும் தஞ்சாவூர். பத்து மைல் தள்ளிப் பெண் கட்டிய குடும்பத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக் காகிதம் சமஸ்தானத்திலும் பெண் வீட்டுக் காகிதம் பிரிட்டிஷ் இந்தியாவிலும் இருக்கக்கூடும்.

கடல் கடந்து போன கிளைகளைப் பற்றி இந்த வாரம் எழுத இடமில்லை. அடுத்த வாரம் மண்டபம் முகாம், கங்காணி, துண்டு, 1964-ம் வருஷத்து சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால், வீட்டிலுள்ள பழைய கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் எடுத்துச் சொந்த ஊர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஊர்ப் பெயர் தப்பும் தவறுமாக இருந்தாலும் திருத்தாமல், இருக்கிறபடியே எழுதி அனுப்புங்கள்.