திருவொற்றியூருக்குப் பிரெஞ்சு வேண்டாமா?

சென்ற வாரம் இராயபுரத்திலே ஒரு தெருமுனைக் கூட்டம். பேசி முடித்து, தொண்டை வறண்டு, தேநீர்க் கடைப் பக்கம் ஒதுங்கினோம். துறைமுகத்திலே முப்பதாண்டு மூட்டை சுமந்த ஒரு பெரியவர் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, தமிழ் தமிழ்னு பேசினே, ரொம்ப சரி. எம்பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணிட்டா. பெரிய இஸ்கூல் பசங்கள்லாம் பதினொண்ணாவதுல தமிழை வுட்டுட்டு பிரெஞ்சு எடுக்குதாமே, நூத்துக்கு நூறு வாங்குதாமே! நம்ம புள்ளைங்க இஸ்கூல்ல அது இன்னாத்துக்கு இல்லே?"

நாம் என்ன சொன்னோம்? மேடையிலே பேசுகிறவனுக்கு வாயிலே வந்து விழுகிற பதில் ஒன்றுண்டு. "நமக்குத் தாய்மொழி போதும் அய்யா!" என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அவர் கேட்டது தமிழை விடுவதற்கு வழியா? இல்லை! ஊரான் பிள்ளைக்குத் திறந்திருக்கிற கதவு தன் பிள்ளைக்கு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்றல்லவா கேட்டார்!

விவரத்தைப் பார்ப்போம். 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்பிக்கும் சட்டம் வந்தது. அந்த ஆண்டு முதல் வகுப்பிலே தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. மத்திய வாரியப் பள்ளிகளுக்கும் 2015-16 முதல் படிப்படியாக விரிந்தது. நல்ல சட்டம், நாம் போராடிக் கேட்ட சட்டம். ஆனால் பத்தாம் வகுப்போடு அது நின்றுவிட்டது! மேல்நிலையிலே முதற்பாடம் தமிழாகவும் இருக்கலாம், பிரெஞ்சாகவும் இருக்கலாம், சமஸ்கிருதமாகவும் இருக்கலாம். பத்தாண்டு தமிழ் படித்த பிள்ளை பதினோராம் வகுப்பிலே தமிழுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பிரெஞ்சை அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. இரண்டே ஆண்டில் பாண்டித்யம் வந்துவிடுமா? வராது. மதிப்பெண் வரும்!

அந்த மதிப்பெண்ணால்தான் என்ன பயன்? பொறியியல் கல்லூரிக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தானே கணக்கு! மொழிப்பாடம் அந்தத் தராசிலே ஏறுவதே கிடையாது. பின் ஏன் பிரெஞ்சு? தமிழ்ச் செய்யுளுக்கும் இலக்கணத்துக்கும் செலவாகிற நேரம் மிச்சம். அந்த நேரத்திலே பயிற்சி நிலையத்துக்கு ஓடலாம். மொத்த மதிப்பெண் கூடும். பள்ளி வாசலிலே படம் போட்டுப் பதாகை கட்டலாம். முன்பெல்லாம் மாநில முதலிடம் தமிழை முதற்பாடமாக எடுத்தவர்க்கே என்று வைத்து, மற்றவர்க்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். 2017-இல் அந்தத் தரவரிசை அறிவிப்பே கைவிடப்பட்டது. பதாகைகள் மட்டும் போகவில்லை.

இதிலே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தோழர்கள் கோபித்தாலும் சரி. இப்படிப் பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகள் எல்லாம் மாற்றார் வீட்டுப் பிள்ளைகளா? நம்மவர் வீட்டிலே இல்லையா? மாலையிலே மேடையேறி மொழிப்போர் வரலாறு முழங்குவது, காலையிலே பிள்ளைக்குப் பிரெஞ்சு விண்ணப்பத்திலே கையெழுத்துப் போடுவது! மூலக்கொத்தளம் இராயபுரத்துக்கு வெகுதூரமில்லை. நடராசன் அங்கேதான் உறங்குகிறார். இந்தியை எதிர்த்துச் சிறை புகுந்து, அங்கே நோயுற்று, 1939 ஜனவரி 15-இல் மாண்ட இளைஞர். இரண்டு மாதத்துக்குள் தாளமுத்துவும் போய், அவர் பக்கத்திலே படுத்தார். ஏழைகள். பதாகையிலே ஏறுகிற மதிப்பெண் ஒன்றும் அவர்களிடம் இருந்ததில்லை.

அப்படியானால் பிரெஞ்சு நமக்குப் பகையா? பகையென்று சொல்பவன் வரலாறு அறியாதவன். பாஸ்டில் சிறையை 1789-இல் உடைத்த மக்களின் மொழி அது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் வயிற்றெரிச்சலை எமிலி ஜோலா 1885-இல் நாவலாக்கியது அந்த மொழியில். அதே ஜோலா, குற்றமற்ற ஒரு படைத்தலைவனுக்காக, 1898-இல் ஆட்சியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதும் அந்த மொழியில்தான். அந்த ஜோலாவை, ஏழை பங்காளர் என்று பெயர் சூட்டித் தமிழனுக்கு அறிமுகப்படுத்தியவர் யார்? நம் அண்ணா! புதுவையைப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் முதல் நாளோடு அங்கே முடிந்தது. அதுவரை அங்கே பிரெஞ்சு சோறு போடுகிற மொழி, நீதிமன்ற மொழி. அந்தப் பிரெஞ்சு ஆட்சியின் பள்ளிகளிலே தமிழாசிரியராக இருந்தவர் பாவேந்தர் பாரதிதாசன். பிரெஞ்சு பக்கத்திலே இருந்ததால் அவர் தமிழ் குறைந்து போயிற்றா?

படிப்பதிலே குற்றமில்லை. தமிழைத் தள்ளிவிட்டு அந்த இடத்திலே உட்கார வைப்பதுதான் குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், படிக்க விரும்புகிற ஏழைக்கு வாய்ப்பே இல்லாமல் வைத்திருப்பது.

திருவொற்றியூர் விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்தது. விம்கோ என்ற பெயரே ஸ்வீடன்காரன் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். முதற்கட்ட மெட்ரோவுக்குப் பெருங்கடன் கொடுத்தது ஜப்பான். ரயில் பெட்டி கொடுத்தது ஆல்ஸ்டாம் என்ற பிரெஞ்சுக் கம்பெனி. ஒரகடத்திலே 2010-இல் எழுந்த ரெனோ-நிசான் ஆலை, பிரெஞ்சுக்காரனும் ஜப்பான்காரனும் கூட்டுச் சேர்ந்து கட்டியது. அங்கே செய்த நிசான் கார்கள் நம் எண்ணூர்த் துறைமுகத்திலேதான் கப்பலேறின. ஜப்பான் பணத்திலே, பிரெஞ்சுப் பெட்டியிலே ஏறி வேலைக்குப் போகிறான் நம் தொழிலாளி. அந்த இரண்டு மொழியிலும் அவன் பிள்ளைக்கு ஓரெழுத்துத் தெரியாது!

ஜப்பானிய மொழியைப் பற்றி நமக்குத் தனி ஆசையே உண்டு. எழுவாய் முதலில், செயப்படுபொருள் நடுவில், வினை கடைசியில். வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால். தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே! 'நான் சோறு தின்றேன்' என்பதை அதே வரிசையிலே சொல்லலாம். ஆங்கிலத்திலே தலைகீழாக நிற்க வேண்டும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டென்றே வாதாடினார். மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நாமும் அதை வைத்து மார்தட்ட வேண்டாம். எழுத்துதான் மலை: இரண்டு வகை அசையெழுத்து வகைக்கு 46, அதற்கு மேல் அன்றாடத்துக்கென வகுத்த சீன எழுத்து 2,136. ஆனால் மலை என்றால் ஏற முடியாதா?

இது வயிற்றுப் பிரச்சினையும்கூட. ஆளில்லாத் தேசமாகிவிட்ட ஜப்பான், 2019 ஏப்ரலில் 14 துறைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்கப் புதுவகை விசா கொண்டுவந்தது. முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், கப்பல் கட்டும் தொழில் எல்லாம் அதிலே உண்டு. 2021 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தமும் ஆயிற்று. எண்ணூரிலே பற்றவைப்பு வேலை தெரிந்த பையன்கள் எத்தனை பேர்! ஆனால் மொழித் தேர்விலே தேறாமல் வாசல் திறக்காது. மொழி தெரியாமல் போனால் என்ன நேரும்? 1993 முதல் அங்கே நடந்த 'பயிற்சியாளர்' திட்டத்தைக் கேளுங்கள். பயிற்சி என்ற பெயரில் குறைந்த கூலிக்கு உழைப்பை வாங்குகிறார்கள் என்ற புகார் பெருகி, 2024-இல் ஜப்பானே அதை ஒழிக்கச் சட்டம் செய்தது. ஒப்பந்தத் தாளைப் படிக்கத் தெரிந்த தொழிலாளியை ஏய்ப்பது அத்தனை எளிதல்ல.

"மும்மொழியை ஏற்றுக்கொண்டால் பிரெஞ்சும் ஜப்பானும் தானே வருமே!" என்று சிலர் தேன் தடவுகிறார்கள். 2020 கல்விக் கொள்கையைப் படித்துப் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கொரியன், ஜப்பான், பிரெஞ்சு என்று பட்டியல் இருக்கிறது, உண்மை. ஆனால் மூன்று மொழியில் இரண்டாவது இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்றும் அதிலேதான் எழுதியிருக்கிறது! தமிழும் ஆங்கிலமும் போனபின் மூன்றாவது நாற்காலி யாருக்கு? பிரெஞ்சுக்கா? 2014 நவம்பரில், ஆண்டு நடுவிலே, கேந்திரிய வித்யாலயங்களில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மனை எழுப்பிவிட்டு சமஸ்கிருதத்தை உட்கார வைத்தார்களே, மறந்துவிட்டதா? 1968 ஜனவரி 23-இல் அண்ணா சட்டமன்றத்தில் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானம் பிரெஞ்சைத் தடுக்கவில்லை. கட்டாயத்தைத் தடுத்தது.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. மேல்நிலையிலும் முதற்பாடம் தமிழாகவே தொடரச் சட்டம் நீள வேண்டும். சிறுபான்மை மொழியார்க்கு அவரவர் மொழியும் உண்டு. அடுத்து, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய மூன்று இடத்திலும் அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ மாலை வகுப்பு: பிரெஞ்சோ ஜப்பானோ, பிள்ளை விரும்புவது, கட்டணம் இல்லாமல். மதிப்பெண் பட்டியலிலே அது ஏறக்கூடாது. ஏறினால் மறுபடியும் வியாபாரம் ஆகிவிடும்.

1949 செப்டம்பரில் கொட்டும் மழையிலே கழகத்தின் முதல் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவுக்குப் பக்கத்திலேதான் அந்தப் பெரியவர் குடியிருக்கிறார். நேற்று தேடிப் போய்ப் பார்த்தோம். மகள் பதினோராம் வகுப்பிலே சேர்ந்துவிட்டாளாம். முதற்பாடம் தமிழ். "மாலை வகுப்பு வந்தா ஜப்பான் படிப்பியாம்மா?" என்று கேட்டோம். "எத்தினி மணிக்கு?" என்றாள்.

மனு எழுதியாயிற்று. வட்டத் தோழர்கள் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, இந்த மாத இறுதிக்குள் அனுப்பி வையுங்கள்.