பழைய மருந்து, புதிய கணக்கு

ரத்தப் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் ஆராய்ச்சிக்கென்று பணம் திரட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் நமக்கு ஒரு சந்தேகம் வரும். புது மருந்து கண்டுபிடிக்கக் கோடி கோடியாக ஆகுமே, உண்டியல் பணத்தில் என்ன நடந்துவிடும்? நியாயமான கேள்வி. டீயைக் குடித்தபடியே நிதானமாகப் பார்ப்போம்.

1960-இல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில், ஈஸ்ட்வுட் தம்பதியின் ஆறு வயது மகள் சூசன் லுகேமியாவால் இறந்துபோனாள். நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்த அணுக்கள் பிறக்கின்றன. அங்கே முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமே விடாமல் செய்வதுதான் லுகேமியா. குழந்தை வெளுத்துப்போகும், காய்ச்சல் விட்டு விட்டு வரும், லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போகும். அந்தக் காலத்தில் பத்துக் குழந்தைகளில் ஒன்று பிழைத்தாலே பெரிது. சூசனின் குடும்பத்தார் திரட்டத் தொடங்கிய பணத்தால், லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் லுகேமியா ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று உருவானது. அவர்கள் தொடங்கிய அமைப்புதான் இன்றைய ‘பிளட் கேன்சர் யூகே’.

இப்போது பிரிட்டனில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் லுகேமியா வகையில், ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். எந்த அதிசய மருந்து இதைச் செய்தது என்றுதான் எல்லோரும் கேட்போம். ஆனால் இந்தச் சிகிச்சையின் முதுகெலும்பான மருந்துகளில் பெரும்பாலானவை 1970-க்கு முன்பே இருந்தவை. வின்கிரிஸ்டின், நம் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. மெத்தோட்ரெக்ஸேட், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு அமெரிக்காவில் 1940-களில் உருவாக்கிய மருந்து வரிசையைச் சேர்ந்தது. அண்மையில் புது மருந்துகளும் வந்திருக்கின்றன, நல்லதுதான். என்றாலும் அந்தப் பெரிய ஏற்றத்தில் மிகுதியும், பழைய மருந்துகளில் எதை எதோடு, எந்த வாரம், எவ்வளவு, எந்தக் குழந்தைக்குக் கொடுப்பது என்று சோதனைக்கு மேல் சோதனை செய்து கற்றுக்கொண்டதால் வந்தது.

அப்படி ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ‘யூகே ஆல் 2003’ என்ற சோதனையில், சிகிச்சை தொடங்கிய 29-ஆம் நாள் குழந்தையின் இடுப்பெலும்பில் ஊசி போட்டுச் சிறிது மஜ்ஜையை எடுத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் நோய் போய்விட்டது போலவே இருக்கும். ஆய்வகத்தில் மரபணுவை வைத்துத் தேடினால், பத்தாயிரம் அணுக்களில் ஒன்று நோயணுவாக இருந்தாலும் அகப்பட்டுவிடும். ஓர் ஆழாக்கு அரிசியில் ஒரே ஒரு கல்லைப் பொறுக்கி எடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தேடலில் நோயின் சுவடு மறைந்துவிட்ட 521 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கம்போல இரண்டு கடுமையான மருந்துச் சுற்றுகளும், மற்றதற்கு ஒன்று மட்டும் கொடுத்தார்கள். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2013-இல் முடிவு வெளியானது.

ஒரு சுற்று குறைந்தால் என்ன என்பது, வாந்தியும் வாய்ப்புண்ணுமாகக் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்த தாய்க்குத் தெரியும். காய்ச்சல் வந்தால் நடு இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியிருக்கிற வாரங்கள் அவை.

இப்படிப்பட்ட சோதனையில் பணம் எதற்கெல்லாம் போகிறது? மஜ்ஜையை உறைய வைத்துப் பாதுகாக்க, ஆய்வகச் சோதனைக்கு, விவரம் குறிக்கும் செவிலியர் சம்பளத்துக்கு, பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்க. பழைய, விலை மலிந்த மருந்தை இன்னும் குறைத்துக் கொடுக்கலாமா என்று பார்க்க எந்த மருந்து நிறுவனத்துக்கும் லாபக் காரணம் கிடையாது. அந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தவை இரண்டு: ஒன்று பிரிட்டன் அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மற்றது, ஈஸ்ட்வுட் குடும்பம் தொடங்கிய அந்த அமைப்பு.